இறக்கிய சுதி

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது, இனி இருமக்கூடாது, செருமக்கூடாது, நாற்காலியில் புரண்டு உட்காரக்கூடாது, ஏனென்றால் ஞானாபரணத்தின் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மைக் அவர் எச்சில் விழுங்குவதைக்கூடக் கொண்டுபோய் எல்லார் காதிலும் போட்டுவிடும். விருகம்பாக்கத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இப்படி ஒரு ஸ்டூடியோ இருப்பது கீழே பல் பிடுங்கிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. டிராம்போன் சத்தம் மற்ற மைக்குகளுக்குள் புகுந்துவிடும் என்று அவரை மட்டும் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்கு பேர்: பியானோவில் நிவேதன், அவன்தான் தலைவன், இந்தப் பாட்டைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டியவனும் அவன்தான், டிரம்ஸில் ரூஃபஸ், சாக்ஸஃபோனில் தாரிணி, பேஸை அணைத்துக்கொண்டு நிற்கிற தாடிக்காரப் பையன். ஒருத்தருக்கும் முப்பது தாண்டியிருக்காது. அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள், ஹெட்ஃபோனில் பியானோ சொட்டுச் சொட்டாக விழுகிறது, ஆனால் ஞானாபரணத்துக்கு இப்போது வேலை இல்லை. மெட்டு கடைசியில்தான் வரும், அதை அவர்தான் ஊதவேண்டும், நிவேதன் கண்ணாடி வழியாகத் தலையை அசைப்பான், அதுவரை டிராம்போனை மடியில் கிடத்திக்கொண்டு இருக்கவேண்டியதுதான். இருக்கலாம், இருப்பது பெரிய காரியமில்லை, கன்னத்தைத் தவிர. இடது கன்னம் அங்கே இருக்கிறது, தொட்டால் தெரிகிறது, கிள்ளினால் வலிக்கிறது, சொன்னால்தான் கேட்பதில்லை. ஏசி வேறு அந்தப் பக்கமாகவே அடிக்கிறது. குளிர் பட்டால் இன்னும் இறுகும் என்று ஃபிசியோதெரபிப் பெண் சொல்லியிருக்கிறாள், ஏசியைக் குறை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் என்ன சொல்வது, சொல்லாமலிருப்பதே மேல். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்தாயிற்று, இன்னும் ஒரு பாட்டு.

பெரும்பாலும் சரியாகிவிடும் என்றுதான் டாக்டர் சொன்னார். பெரும்பாலும். அன்றைக்கு அந்த வார்த்தை காதில் நல்லபடியாகத்தான் விழுந்தது, மனைவி நவமணி கைகூப்பி ஸ்தோத்திரம் என்றாள், மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்கள். போரூர் தாண்டும்போதுதான் அது குத்த ஆரம்பித்தது. பெரும்பாலும் என்றால் சில பேருக்கு ஆகாது என்று அர்த்தம், அந்தச் சில பேர் யார், அவர்களும் இதேபோல் ஆட்டோவில் வீட்டுக்குப் போனவர்கள்தானே. ஒரு காலையில் பல் தேய்த்துவிட்டுக் கொப்பளித்தார், தண்ணீர் தானாக இடது பக்கம் வழிந்து பனியனில் இறங்கியது, அவ்வளவுதான் ஆரம்பம், வலியா வேதனையா ஒன்றுமில்லை. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் அவர், பாதி முகம் யாரோ தூங்குகிற ஆள். நவமணி பக்கவாதம் என்று அலறிவிட்டாள், நல்லவேளை அது இல்லை, முகநரம்புதான், கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது, பெரும்பாலும். பாஸ்டர் வந்து கன்னத்தில் எண்ணெய் தடவி ஜெபித்தார், எண்ணெய் தாடைவரை வழிவது தெரிந்தது, துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், மூடிய கண்ணிலும் இடதுகண் கொஞ்சம் திறந்தேதான் இருந்தது, அந்தச் சந்து வழியாக பாஸ்டரின் கைக்கடிகாரம் தெரிந்தது. இப்போது கண் மூடுகிறது. பேச்சும் தெளிந்துவிட்டது. சாப்பிடும்போதுதான் கொஞ்சம், அதுவும் ரசம் என்றால். நவமணி பார்க்காத மாதிரி பார்ப்பாள், பார்த்துவிட்டு, “மெதுவா சாப்பிடுங்க, யாரு வெரட்டுறா” என்பாள். அவர் மெதுவாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் கோணிய வாயோடு பிழைத்துக்கொள்ளலாம், பேங்கில் இருக்கலாம், பெட்டிக்கடை வைக்கலாம், எம்.எல்.ஏ.கூட ஆகலாம். ஊதிப் பிழைக்கிறவனுக்கு வாய்தான் கை, வாய்தான் கால், அது போனால் மீதி இருக்கிற ஞானாபரணம் எதற்கு ஆவார்? இதைத்தான் அவர் விடியற்காலையில் முழித்துக்கொண்டு கிடந்து யோசிக்கிறார், யோசித்து ஒரு முடிவும் வருவதில்லை, பால்காரன்தான் வருகிறான்.

பேஸ் சேர்ந்துகொண்டது. மெதுவாக, அடிப்பதற்கு முன் ஒருமுறை யோசித்துவிட்டு அடிக்கிற மாதிரி. என்ன பாட்டு, எப்படி இருந்த பாட்டு, இதைப் போய்ப் பிணத்துக்கு முன்னால் நடக்கிற நடையாக்கிவிட்டான்களே. ஜமைக்காவில், கிங்ஸ்டனில், எவனெவனோ ஒரே அறையில் வேர்க்க விறுவிறுக்க நின்று ஊதித் தள்ளிய மெட்டு. வார்த்தை கிடையாது, மூன்று நிமிஷம்கூட இருக்காது, முதல் அடியிலேயே டிராம்போன் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். இந்த வகைப் பாட்டுக்கு ஸ்கா என்று பேர், அது என்னவென்று கேட்கிறவர்களுக்கு ஞானாபரணம் காலைத் தட்டிக் காட்டுவார்: கால் தரையில் படும்போது ஒன்றும் இல்லை, கால் மேலே தூக்குகிற இடத்தில் கிடார் ச்சக் என்று வெட்டவேண்டும், ச்சக், ச்சக், ச்சக், முடிகிறவரைக்கும், அந்த வெட்டுதான் பாட்டு, மற்றதெல்லாம் அதன்மேல் ஏறிச் சவாரி போகிறவை. நிவேதன் என்ன செய்தான், அந்த வெட்டையே எடுத்துவிட்டான். கிடாரே இல்லை. ரூஃபஸ் அந்த இடத்தில் குச்சியைத் தூக்குகிறான், அடிக்காமல் நிறுத்துகிறான். நிவேதனைக் கேட்டால், அந்த இடம் காலியா இருந்தா கேக்குறவங்களே மனசுக்குள்ள போட்டுக்குவாங்கண்ணா என்கிறான். அப்படியானால் எல்லாவற்றையும் கேட்கிறவர்களே போட்டுக்கொள்ளட்டுமே, டிக்கெட் எதற்கு. மெட்டில் ஏறி ஏறிப் போகிற அந்த நீள வரி இருக்கிறதே, ஒரே மூச்சில் ஊதினால்தான் அதற்கு மரியாதை, அதை நடுவில் உடைத்து ஒரு இடைவெளி விட்டிருக்கிறான். உச்சியில் ஒரு ஸ்வரம் உண்டு, டிராம்போன்காரன் எவனும் அதற்காகத்தான் இந்தப் பாட்டையே ஊதுவான், அதைத் தூக்கித் தாரிணியிடம் கொடுத்துவிட்டான். சுதியையும் இறக்கிவிட்டான், இருட்டா இருக்கணுமாம். இந்தக்காலத்து ஜாஸ் என்றால் இப்படித்தானாம், எல்லாவற்றையும் மெலிய வைத்து, நிறுத்தி, கண்ணை மூடி யோசிக்கவேண்டும். இரண்டாவது ரிகர்சலில் எழுதிக்கொண்டுவந்ததைப் பார்த்ததுமே சொல்லியிருக்கவேண்டும், தம்பி இது என்னப்பா ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை என்று. சொல்லவில்லை. சுதி இறங்கியதைப் பார்த்தபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி ஓடியது, அந்த நிம்மதிக்காகத் தன்னையே அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

சொல்லிருங்களேன் என்றாள் நவமணி, இன்று காலையில்கூட, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே. “சின்னப் பிள்ளைங்கதானே, சொன்னா புரிஞ்சுக்குவாங்க. ரெண்டு மாசம் தள்ளிப் போடுங்கன்னு சொல்லுங்க.” “என்னன்னு சொல்லச் சொல்ற? ஊத வந்தவன் வாய் போச்சுன்னா?” என்றார். “வாய் ஒண்ணும் போகல, இந்தா என்னைத் திட்டத்தான் வருதே” என்று சிரித்தாள், அவரும் சிரித்தார், சிரித்தபோது அவள் பார்வை சட்டென்று இஸ்திரிப்பெட்டிக்குப் போய்விட்டது. சிரிப்புதான் மோசம், பேசும்போது தெரியாது, சிரித்தால் வலது பக்கம் மட்டும் மேலே ஏறி ஏதோ கிண்டல் செய்கிற மாதிரி இருக்கும், அதனால் இந்தப் பிள்ளைகள் முன்னால் அவர் சிரிப்பதே இல்லை, கோபக்கார அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், நினைக்கட்டும். மவுத்பீஸை வலது ஓரத்துக்கு நகர்த்தி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார், இடது ஓரத்தை யாரும் பார்க்காத நேரத்தில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திக்கொள்வது, மேல்ஸ்தாயி வந்தால் தோளைத் திருப்பிக்கொள்வது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் ஒருத்தருக்கும் தெரியவில்லை, ரிகர்சல் முழுவதும் நன்றாகவே சமாளித்துவிட்டார், முதல்நாள் டீ கொடுத்தபோதுகூட ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்று வேடிக்கை பார்க்கிற சாக்கில் குடித்தார். வயதானவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பார்கள், அதில் என்ன அதிசயம்.

ரூஃபஸ் இப்போது பிரஷ்ஷால் தேய்க்கிறான், அந்த வெட்டு விழவேண்டிய இடத்தில் குச்சி இல்லை, சத்தம் இல்லை, ஆனால் சனியன் கேட்கத்தான் செய்கிறது, ச்சக், அது க்ளைவின் கை. சுற்றுலாக் கப்பலில் அவர் ஊதிக்கொண்டிருந்த காலத்தில் பக்கத்து நாற்காலி க்ளைவ், கிங்ஸ்டன்காரன், கிடார். மயாமியிலிருந்து கிளம்பும், தீவு தீவாக நிற்கும், சாயங்காலமானால் மேல்தளத்தில் கிழவன்களும் கிழவிகளும் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வந்து ஆடுவார்கள். அந்த மெட்டை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் க்ளைவ்தான், சொல்லிக்கொடுத்தான் என்றால் வாயால் ஒரு வார்த்தை இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டே இருப்பான், இவர் தடுமாறினால் கொஞ்சம் பலமாக வெட்டுவான். இது சந்தோஷப் பாட்டு இல்லை, இவர்கள் காதால் கேட்பதில்லை, அதனால்தான் ஆடுகிறார்கள் என்று ஒருமுறை சொன்னான். ஒரு நாள் அவனுக்கு மணிக்கட்டு வீங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு வாசித்தான். அடுத்த நாளும் சுற்றிக்கொண்டு வாசித்தான். அதற்கடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள், அங்கேயே இன்னொருத்தன் ஏறினான், சாயங்காலம் அதே நாற்காலி, அதே ச்சக், ச்சக், அதே கிழவிகள், ஒரு அடி பிசகவில்லை. ஞானாபரணம் ஊதினார், நன்றாகவே ஊதினார், அதுதான் இப்போது உறுத்துகிறது, நாற்காலியில் ஆள் மாறியது அவருக்கே இரண்டாவது பாட்டில் மறந்துவிட்டது. அப்படித்தான் இருக்கும். இந்தக் கண்ணாடி அறைக்கும் அடுத்த வாரம் யாரோ வருவான், நாற்காலியின் உயரத்தை மாற்றிக்கொள்வான். இல்லை, யாரும் வரவே வேண்டாம், தாரிணி இருக்கிறாளே, உச்சியைக் கொடுத்தாயிற்று, மீதியையும் கொடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும். சென்னையிலேயே இந்தப் பாட்டை ஜமைக்காக்காரர்களோடு உட்கார்ந்து வாசித்த ஒரே ஆள் என்று சொல்லித்தான் நிவேதன் தேடிக்கொண்டு வந்தான், வளசரவாக்கம் வீட்டுப் படியேறி வந்து, அண்ணா நீங்க இல்லன்னா இந்த ரெக்கார்டே இல்ல என்றான். அப்போது முகம் நேராக இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவர் இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறார், மாத்திரையைவிட அதுதான் வேலை செய்தது என்று சொல்லலாம். நீங்க இல்லன்னா. நான் இல்லையென்றால். பெரும்பாலும். கன்னத்தை உப்பு, விடு, உப்பு, விடு, ஓசை வராமல், உப்பினால் இடது ஓரத்தில் புஸ்ஸென்று போகிறதா, போகிறது, இல்லை போகவில்லை, கொஞ்சம். பிதாவே இந்த ஒரு பாட்டு. வேறு ஒன்றும் கேட்கவில்லை, கேட்டதெல்லாம் இதற்கு முன்னால் கேட்டது, அதையெல்லாம் விட்டுவிடும்.

நிவேதன் தலையை அசைத்தான். எப்போதிலிருந்து அசைத்துக்கொண்டிருக்கிறானோ, பியானோ ஓய்ந்திருந்தது, ரூஃபஸின் பிரஷ் மட்டும் தேய்கிறது, எல்லாரும் கண்ணாடியைப் பார்க்கிறார்கள், ஞானாபரணம் தூக்கினார், தூக்கி வலது ஓரத்தில் வைத்து இழுத்த மூச்சோடு இறங்கினார். முதல் வரி வந்தது. வந்தது ஐயா, கனமாக, சுத்தமாக, உலோகத்தில் மோதி அவர் நெஞ்சுக்கே திரும்பி வந்தது, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கலாம்போல இருந்தது. இரண்டாவது வரி. ஏறுகிற வரி, அந்த உடைப்பு, மூச்சு, மறுபடி ஏற்றம், அங்கே ஓரம் திறந்துகொண்டது. தானாக, பை ஓரத்தில் தையல் விடுகிற மாதிரி. காற்று பக்கவாட்டில் புஸ்ஸென்று ஓடியது, ஸ்வரம் பாதியும் காற்று பாதியுமாக இழுபட்டது, அவர் அழுத்தினார், இன்னும் அழுத்தினார், எச்சில் தாடையில் இறங்கியது, உச்சியை தாரிணி எடுத்துக்கொண்டு போனாள், கீழே அவர் சீறிக்கொண்டு கிடந்தார். முடிந்தது. யாரும் அசையவில்லை, கடைசிச் சத்தம் அடங்குகிறவரை அசையக்கூடாது, விளக்கு அணைந்தது.

“அண்ணா!” நிவேதனின் குரல் ஹெட்ஃபோனில் வெடித்தது. “பிரமாதம்ணா. அந்தக் காத்து சத்தம் இருக்கே, அப்படியே வெச்சுக்கலாம். யாராலயும் அப்படி யோசிக்க முடியாது.” ஞானாபரணம் கைக்குட்டையால் தாடையைத் துடைத்தார். யோசித்தாராம். உயிரைக் கொடுத்து நேராக ஊதப் பார்த்ததை யோசித்தது என்கிறான், தப்பையும் பாராட்டுகிறவனிடம் சரியாக ஊதினால்தான் என்ன, இனி எது தப்பு எது சரி என்று இவர்களுக்கு யார் சொல்வது. கோபம் கிளம்பியது, பயந்து பயந்து சேர்த்துவைத்த கோபம், நிறுத்தியிருக்கலாம், ஆனால் தவளைக்குத் தன் வாய்தானே எதிரி. “தம்பி, இதெல்லாம் என்னப்பா? பாட்டைக் கொன்னுல்ல வெச்சிருக்கீங்க. இவ்ளோ எறக்கி, வரியை ஒடச்சு, உச்சியை எங்கிட்டேருந்து புடுங்கி... ஒரு தடவை பழைய சுதியில, பழைய வேகத்துல, முழுசா எடுப்போம். பாட்டுன்னா என்னன்னு தெரியட்டும்.” நிவேதன் பியானோக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரூஃபஸ்தான் பேசினான், கெட்ட எண்ணமே இல்லாத பையன், மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிற வகை. “என்னண்ணா இப்படிச் சொல்றீங்க? உங்களுக்காகத்தானே எல்லாத்தையும் எறக்கினோம்?”

“டேய்” என்றான் நிவேதன்.

ஹெட்ஃபோனில் நால்வர் மூச்சும் கேட்டது. நல்ல மைக்குகள். ஞானாபரணம் கண்ணாடியைப் பார்த்தார், அந்தப் பக்கம் யாரும் இவரைப் பார்க்கவில்லை. எனக்காகவா, என்னது எனக்காக, என்று கேட்கலாம், தெரியாத மாதிரி ஒரு கடைசி ஆட்டம் ஆடிப் பார்க்கலாம், வாயைத் திறந்தார், “எப்பலேருந்து தெரியும்?” என்றுதான் வந்தது. “முதல் நாளேண்ணா,” என்றாள் தாரிணி, சாக்ஸஃபோன் கழுத்தில் தொங்க, தரையைப் பார்த்துக்கொண்டு. “நீங்க டீ குடிச்சப்போ. நானும் ஊதுறவதானேண்ணா.” முதல் நாளே. ஜன்னல், டீ, வேடிக்கை, தோளைத் திருப்பியது, கட்டைவிரல், எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு ஒருத்தருக்கொருத்தர் ஜாடைகூடக் காட்டாமல், அண்ணா காப்பியா டீயா என்று கேட்டிருக்கிறார்கள். நவமணிக்குக்கூட இவ்வளவு நடிக்கத் தெரியாது. இறங்கிப்போய்விடலாம், கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, படியிறங்கினால் பல் ஆஸ்பத்திரி, அதற்கப்பால் ஆற்காடு ரோடு, அப்புறம் எங்கே. “அண்ணா,” நிவேதன் மெல்லச் சொன்னான், அந்த மெல்லிய குரலுக்காகவே அவனை ஓங்கி ஒரு அறை விடலாம்போல இருந்தது, “உங்களுக்குப் பழைய சுதியிலதான் வேணும்னா எடுக்கலாம்ணா. நிஜமாத்தான் சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்களோ அதான்.” விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எடுப்பான், கிடாரைக்கூட வரவழைப்பான். ஆமாம் என்றால் போதும். உச்சி ஸ்வரம் காத்துக்கொண்டிருந்தது, அதை அவர் கப்பலில் எத்தனையோ சாயங்காலம் வெறும் விளையாட்டாக எட்டிப் பிடித்திருக்கிறார், இப்போது அந்த இடத்தை நினைத்தாலே ஓரம் தானாகத் திறந்துகொள்கிறது. “வேண்டாம்,” என்றார். குரல் சரியாக வரவில்லை, மைக் அதையும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். “வேண்டாம்ப்பா. எறக்கினதே இருக்கட்டும்.”

விளக்கு எரிந்தது. இந்தமுறை யோசிப்பதற்கு ஒன்றுமில்லை, மறைப்பதற்கும் இல்லை, அதனால் முதன்முறையாகப் பாட்டைக் கேட்டார். பியானோ முன்னால் நடந்து தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தது. மெதுவாகப் போனார்கள், அவர் உதடு களைக்காத வேகத்தில். அவர் ஊதப்போகிற நீள வரி உடைகிற இடம் சரியாக அவருக்கு மூச்சு தீர்கிற இடம், அங்கே பேஸ் வந்து கீழே நிற்கும், விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்பதற்காக. அவரால் ஏறமுடியாத ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் முன்பே போய் நின்றிருந்தார். துணி தைக்கிறவன்கூட அவரை இப்படி அளந்ததில்லை. எங்கே தொய்வு, எங்கே கிழிசல் எல்லாம் தெரிந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் மோசமானாலும் தாங்கும்படி விட்டுத் தைத்திருக்கிறார்கள், அப்படியானால் சரியாகாது என்றே நினைத்திருக்கிறார்கள். டாக்டர் சொல்லாததை இவர்கள் எழுதி வாசித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக இருந்தது, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை, பழைய பாட்டைவிட நன்றாக இருந்தது. நிவேதன் தலையை அசைத்தான். ஞானாபரணம் டிராம்போனை எடுத்து, தோளைத் திருப்பிக்கொள்ளாமல், நேராக அவர்களைப் பார்த்தபடி, தனக்கென்று விட்டுவைத்திருந்த இடத்துக்குள் அளவாக ஊதினார்.